ரெக்கைப் பாட்டு

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் குடியிருப்பில் சுவருக்கு வாயும் உண்டு. மூன்றாவது மாடியில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யார் வீட்டில் சண்டை, எந்த வீட்டுக் குழாய் இரண்டு மாதமாகச் சொட்டுகிறது என்பதையெல்லாம் நான் தேடிப் போய்த் தெரிந்துகொண்டதே இல்லை. தானாக வந்து காதில் விழும். விழுந்ததைக் குனிந்து எடுப்பது தப்பா? எடுத்ததை நாலு பேருக்குக் கொடுக்காமல் மூடி வைத்துக்கொள்வதுதான் தப்பு.

தொழிலும் எனக்கு அப்படி அமைந்துவிட்டது. நான் திரைச்சீலை தைப்பவள். ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனால் ஜன்னலை மட்டுமா பார்க்க முடியும்? அளவெடுத்து வந்த துணியை நடு அறையில், சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் பெரிய மோட்டார் மெஷினில் வைத்துத் தைப்பேன். இரும்புக் கால் வைத்த பழைய யானை அது. ஓடினால் மேஜை மேல் டம்ளர் தானாக நகரும். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மதியம் இரண்டு வரை. அப்புறம் சாப்பாடு, ஒரு மணி நேரம் படுக்கை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. சாப்பிட வா என்று கூப்பிட ஆளில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவும் ஆளில்லை. சௌகரியம்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பல் செட்டுக்காரர். கதவில் பெயர் நீளமாக எழுதியிருக்கிறது. முழுசாகப் படித்தவர் யாரும் கிடையாது. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை, பாதி நாள் வேலை, ஒரு மணிக்கெல்லாம் வீடு. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது இவர் கைவண்ணத்தில்தான். இவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் மனைவியோடு குடிவந்தார். அந்த அம்மா பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்கு ஆறு மாதம் என்று சொல்லிப் போனாள். அந்த ஆறு மாதத்துக்கு இப்போது நாலாவது வருஷம் நடக்கிறது. நானும் மாதம் ஒரு முறையாவது கேட்பேன், அக்கறைதான்.

"உங்க வீட்ல எப்ப சார் வராங்க?"

"குழந்தை கொஞ்சம் பெருசாகட்டும்னு சொல்றா."

"குழந்தை ஸ்கூலுக்கே போயாச்சே சார்."

"ஆமா. போகுது."

அவ்வளவுதான். அந்த வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சொல்லைப் பிடுங்குவதற்குள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடலாம்.

ஆனால் சுவர் பேசியது. சரியாக இரண்டு மணிக்கு நான் பெடலிலிருந்து காலை எடுப்பேன். கை கழுவி, தட்டை வைத்துக்கொண்டு உட்காருவதற்குள் ஆரம்பித்துவிடும். டூம். டுடும். ஒரு இடைவெளி. டும். பாட்டு என்று சொல்ல முடியாது, பாட்டின் அடிவயிறு மட்டும். பெரிய உடம்புக்காரர் ஒருவர் சுவருக்குள்ளே ஏதோ யோசித்துக்கொண்டு மெதுவாக நடப்பது போல இருக்கும். அந்த அம்மா இருந்தவரைக்கும் ஞாயிறு மட்டும்தான் நடந்தார். அவள் போன பிறகு தினம்.

இதில் என்னை எரிச்சல்படுத்தியது ஒன்றே ஒன்று. நான் மெஷின் ஓட்டும் வரை சத்தமே வராது. நிறுத்தினால் வரும். ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒன்றரைக்கே நிறுத்தினேன். ஒன்று முப்பத்தைந்துக்கு டூம். இன்னொரு நாள் இரண்டரை வரை தைத்தேன். இரண்டு முப்பத்தைந்துக்கு டூம். இதற்கு என்ன அர்த்தம்? காலையெல்லாம் நீ என் காதைக் கிழித்தாய் அல்லவா, இப்போது உன்னைத் தூங்க விடுகிறேனா பார் என்றுதானே? வன்மம். ஊமைக்குசும்பு. தண்ணீர் கேன் போட வருகிறவரிலிருந்து தொலைபேசியில் என் நாத்தனார் வரைக்கும் இதைச் சொன்னேன். எல்லாரும் "அடப்பாவமே" என்றார்கள். அப்புறம் செயலாளரிடம் எழுத்துமூலமாகவே கொடுத்துவிட்டேன்.

செயலாளர் என்றால் எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். எனக்குத் தம்பி வயது. அக்கா சொன்னால் தட்டமாட்டார், ஏனென்றால் அவர் வீட்டு விஷயம் அக்காவுக்குத் தெரியும். மறுநாள் இரண்டே காலுக்கு அவர் முன்னால், நான் பின்னால் போய்க் கதவைத் தட்டினோம்.

"சார், சத்தம் வருதுன்னு ஒரு கம்ப்ளெயின்ட்."

பல் செட்டுக்காரர் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் மாடிப்படிக் கைப்பிடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்தேன்.

"ரொம்பக் கேக்குதா?"

"படுக்க முடியலங்க," என்றேன். "செவுரே இடிஞ்சு விழற மாதிரி."

"ஓ. நீங்க படுக்கற நேரமா அது?"

ஆச்சரியப்பட்டது போலத்தான் கேட்டார். என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

செயலாளர் நோட்டைத் திறந்தார். "இது என்ன மியூசிக் சார்?"

"ரெகே."

"ரெக்கையா?"

"ரெகே. ஜமைக்கா பக்கத்துப் பாட்டு."

"ரெக்கை..." என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அன்று மாலையே கீழே பலகையில் அறிவிப்பு ஏறிவிட்டது: 'மதியம் ஒன்று முதல் நான்கு மணி வரை ரெக்கைப் பாட்டு உட்பட எந்தப் பாட்டும் சத்தமாக வைக்கக் கூடாது. இப்படிக்கு, செயலாளர்.' இரண்டாவது மாடியில் ஒருத்தர் அதைப் படித்துவிட்டு, பறவை வளர்க்கவும் தடையா என்று கேட்டாராம்.

"இனிமே வராதுங்க," என்று பல் செட்டுக்காரர் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறவில்லை. காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன் ஒன்று அவரிடம் பழசாக இருந்ததாம்.

வெற்றிதான். முதல் நாள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவர் சும்மா இருந்தது. சாப்பிட்டேன். நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. படுத்தேன். மின்விசிறியில் ஒரு கிறீச் இருப்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் நாளும் கிறீச். மூன்றாம் நாள் மெக்கானிக்கை வரவழைத்து எண்ணெய் விட்டேன், அதுவும் போய்விட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவனைப் பற்றித்தான் உலகம் பேசும். ஊதிக்கொண்டிருந்த சங்கைப் பிடுங்கி வைத்துவிட்டு முழித்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

சொல்ல வெட்கம். சுவரில் டம்ளரைக் கவிழ்த்துக் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். செருப்புச் சத்தம், குழாய்ச் சத்தம். அந்தப் பெரிய உடம்புக்காரர் மட்டும் வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, எனக்கு அவருடைய நடை அத்தனையும் மனப்பாடம் என்று. செவ்வாய்க்கிழமைதோறும் வருகிற பாட்டுகளில் மூன்றாவது, படியில் இறங்குகிறவர் பாதியில் எதையோ மறந்தது போல நின்று இறங்கும். அதற்கடுத்தது தயங்கித் தயங்கி வந்து, கடைசியில் துணிந்துவிடும். இது திரும்ப வேண்டும் எனக்கு. ஆனால் எப்படிக் கேட்பது? எழுதிக் கொடுத்தவளே நான். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிப் பழக்கமே இல்லை. வாங்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்?

நாலு வாரம் கழித்து அவரே வந்தார். கையில் ஹெட்போன். காதை மூடும் பஞ்சுப் பகுதி உதிர்ந்து கறுப்புத் தூளாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஒரு உறை தச்சுத் தர முடியுமாங்க? காதெல்லாம் கருப்பாயிடுது."

அவர் காதைப் பார்த்தேன். நிஜம்தான், அடுப்புக் கரி துடைத்த மாதிரி இருந்தது. உறையை ஒழுங்காகத் தைத்தால் காலத்துக்கும் சுவர் ஊமை. முடியாது என்றால் வெளியே போய் ஒழுங்காகத் தைப்பவளிடம் கொடுப்பார். "வச்சிட்டுப் போங்க சார்," என்றேன்.

என்ன செய்தேன் என்றால், வெயில் மறைக்கும் திரைக்குப் போடுகிற தடித்த உள்துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பீரங்கி வெடித்தாலும் உள்ளே போகாது. மறுநாள் கதவைத் தட்டினார்.

"தையல் பிரமாதம். ஆனா..."

"ஆனா?"

"ஒண்ணும் கேக்கலைங்க."

"போட்டுப் பாத்தாதான் சார் அளவு தெரியும்," என்று கத்தரியும் டேப்பும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. உள்ளே என்ன இருந்தது என்று பிற்பாடு பத்துப் பேர் கேட்டார்கள், சொல்கிறேன். மேஜை மேல் மெழுகில் பதித்த பல் வரிசை இரண்டு. கொடியில் ஒரே அளவுச் சட்டை நாலு. என் சுவரை ஒட்டி ஒரு அலமாரி, அதன் மேல் இசைத்தட்டுப் பெட்டி, கீழே நாற்பது ஐம்பது தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித்தாள் உறை; சட்டைக்குக்கூட அப்படி இஸ்திரி இல்லை.

உள்துணியைப் பிரித்து மெல்லிய பருத்தித் துணியை வைத்துக் கையால் இழையோட்டினேன். "எதையாச்சும் போடுங்க, கேக்குதான்னு பாப்போம்."

"எது போடட்டும்?"

வாய் சும்மா இருக்குமா? "செவ்வாக்கிழமை போடுவீங்களே. மூணாவது பாட்டு படியில நின்னு நின்னு இறங்குமே, அது."

அவருக்குப் புரியவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "டூம்... டுடும்... ம்... டும்" என்றேன்.

பல் செட்டுக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, தேடாமல், நேராக ஒரு தட்டை உருவினார். "நீங்க கேட்டிருக்கீங்க," என்றார்.

"எங்க கேட்டேன்? விழுந்துது."

காதில் மாட்டிவிட்டார். எனக்குத் தெரிந்த அதே கனத்த நடை வந்தது. ஆனால் அதன் மேலே ஒரு வீடே கட்டியிருந்தார்கள். கிட்டார் ஒன்று இரண்டு அடிக்கு நடுவில் புகுந்து சக், சக் என்று கத்தரி போல வெட்டியது. ஆர்கன் கொதிக்கிற தண்ணீராய் உள்ளே குமிழியிட்டது. ஒருவன் பாடினான். என்ன பாஷையோ, இங்கிலீஷ் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வக்கில்லாதவன் முறையிடுகிற மாதிரியும் கேட்டது, ராஜா உத்தரவு போடுகிற மாதிரியும் கேட்டது. குரலை மட்டும் உயர்த்தவே இல்லை. ஒன்பது வருஷமாக அஸ்திவாரத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசியிருக்கிறேன்.

ஒரு பக்கம் முடிந்து தட்டைத் திருப்பினார். ஒரு பாட்டு மட்டும் போதும் என்றால் விடமாட்டேன் என்றார். தட்டு என்றால் முழுசாகக் கேட்க வேண்டுமாம், முதல் பக்கம் வழக்கு என்றால் இரண்டாவது பக்கம்தான் தீர்ப்பாம். மாதத்தில் பத்து வார்த்தை பேசாத மனுஷன் அன்று அரை மணி நேரம் பேசினார்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுங்க. எல்லாப் பாட்டுலயும் ஒண்ணுல ஓங்கி அடிப்பாங்க. இதுல ஒண்ணுல அடிக்க மாட்டான். விட்டுடுவான். மூணுலதான் விழும்."

"அப்ப அந்த ஒண்ணு?"

"காலி. அத நம்ம மனசுதான் அடிச்சுக்கணும்."

"வேல மிச்சம் அவனுக்கு."

அவர் சிரித்தார். சொந்தப் பல்தான், கவனித்துவிட்டேன்.

"இந்தத் தட்டுக்கு ஐம்பது வயசாகப் போகுது. சின்ன ரூம்ல அஞ்சாறு பேர் உக்காந்து வாசிச்சது. இன்னும் பழசாகலை, பாத்தீங்களா? யாரும் யாரையும் முந்திக்கல, அதான். ஒவ்வொருத்தனும் அடுத்தவனுக்கு எடம் விடறான். பல்லும் அப்படித்தாங்க. எவ்வளவு வெள்ளையா செஞ்சாலும் நடுவுல எடம் சரியா விடலேன்னா பொய்ப்பல்லுன்னு காட்டிக் கொடுத்துடும்."

இதைவிட நல்ல சமயம் வராது என்று கேட்டே விட்டேன். "அதெல்லாம் சரி சார். நான் எப்பப் படுக்கப் போறேன்னு பாத்துப் பாத்து ஏன் ஆரம்பிச்சீங்க?"

அவர் அலமாரியிலிருந்து வேறொரு தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். கறுப்பின் மேல் வெள்ளையாக ஒரு கோடு, விளிம்பிலிருந்து நடுவரைக்கும்.

"இது ஏழு வருஷம் முன்னாடி. ஏதோ அரங்கத்துக்குத் திரை தச்சீங்களே, ஒரு வாரம் விடாம?"

"நாடக அரங்கம். இருபது அடி உயரம்."

"அதுவேதான். நீங்க முடிச்சிட்டீங்கன்னு நெனச்சுப் போட்டுட்டேன். திடீர்னு மறுபடி ஆரம்பிச்சீங்க. அலமாரி அதிர்ந்து, தட்டு மேல ஓடற முள்ளு இங்கேருந்து இதுவரைக்கும் இழுத்துடுச்சு."

"சொல்லியிருக்கலாமே சார்!"

"என்னன்னு சொல்ல? உங்களுக்கு அது பொழப்பு. எனக்கு இது பாட்டு." தட்டை உறைக்குள் போட்டார். "அன்னியிலேருந்து நீங்க நிறுத்தினப்புறம்தான் போடறது. கால் எடுத்ததும் மோட்டார் 'ங்'னு எறங்கும். அப்புறம் கத்தரி வைக்கற சத்தம். அப்புறம் நாற்காலி நகரும். நாற்காலி கேட்டாதான் நிச்சயம், இல்லேன்னா நூல் மாத்தறீங்கன்னு அர்த்தம். இப்பவும் அப்படித்தான். காதுல மாட்டினாலும் முள்ளு குதிக்கத்தானே செய்யும்?"

இந்தக் கட்டிடத்தில் ஒட்டுக்கேட்பது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

"போன வருஷம் ரெண்டு நாள் மெஷினே ஓடலை," என்றார். "காய்ச்சலா?"

"ஆமா." என் நாத்தனாருக்குக்கூடத் தெரியாது அது.

"நெனச்சேன். அந்த ரெண்டு நாளும் போடலை. எப்ப ஆரம்பிப்பீங்கன்னு தெரியலையே."

மறுநாள் காலை செயலாளரிடம் போய் நின்றேன்.

"அக்கா, நீங்க எழுதிக் கொடுத்தத நீங்களே வாபஸ் வாங்கறீங்களா? உடம்பு நல்லாருக்கில்ல?"

"ரெக்கைய எடுடா தம்பி பலகையிலேருந்து," என்றேன். "அப்படியே ஆளோட வந்து என் மெஷினத் தள்ளிக் கொடு."

ஏழு வருஷத்துக் கோட்டுக்கு என்னால் முடிந்த பரிகாரம் அது. யானையை எதிர்ச் சுவருக்குத் தள்ளினோம். இனி அவர் எப்போது வேண்டுமானாலும் பாட்டுப் போடலாம், முள் குதிக்காது என்று நானே கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் இரண்டு தடவை நன்றி சொன்னார்.

அன்று இரண்டு மணிக்குக் காலை எடுத்தேன். மோட்டார் 'ங்' என்று இறங்கியது. அவர் சொன்ன பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியும். கத்தரியை வைத்தேன். நாற்காலியை நகர்த்தினேன். சுவரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டு. ஒன்றே முக்காலுக்கே போட்டிருக்கிறார், மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் நிறுத்தியபோது தட்டே முடிந்திருந்தது. அதற்கு மறுநாள் ஏதோ ஒன்றின் நடுவில் போய் விழுந்தேன். நாற்காலியை இரண்டு தடவை சத்தமாக நகர்த்திப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை. கேட்டு வாங்கியது கிடைத்துவிட்டது, சோறுதான் இறங்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். செயலாளரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இப்பத்தானே அந்தப் பக்கம் தள்ளினோம்?"

"அந்தப் பக்கம் வெளிச்சம் சரியில்லடா. ஊசி கோக்க முடியல."

"ஜன்னலே அந்தப் பக்கம்தானே இருக்கு?"

"வெளிச்சம் அதிகம். கண்ணு கூசுது. தள்ளுடா."

மறுநாள் நடையில் பல் செட்டுக்காரர் எதிர்ப்பட்டார். "மெஷின் மறுபடி இந்தப் பக்கம் வந்துட்ட மாதிரி இருக்கே. முள்ளு குதிச்சுது."

"தட்டுல கோடு விழுந்துடுச்சா?"

"இல்ல, சின்னக் குதிதான்." சாவியைத் திருப்பிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு மணிக்கு முடிச்சிருவீங்கல்ல?"

"முடிச்சிருவேன் சார்."

அன்று ஒன்றே முக்காலுக்கே வேலை முடிந்துவிட்டது. கடைசித் திரையின் விளிம்பை மடித்துத் தைத்து, நூலை வெட்டி, மடித்தும் வைத்துவிட்டேன். தைக்க எதுவும் மிச்சமில்லை. கூடையிலிருந்து ஒரு கந்தல் துண்டை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தேன். பெடலை அழுத்தி, போன கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப ஓட்டினேன். இரண்டு மணி ஆனது. இரண்டு ஐந்து ஆனது. அந்தப் பக்கம் ஒரு மனுஷன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். இரண்டு பத்து வரைக்கும் ஓட்டினேன். பாவம்தான், தெரியும்.

பிறகு காலை எடுத்தேன். கத்தரியை வைத்தேன். நாற்காலியை நகர்த்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.